ரூட் ரெண்டும் ரூட் மூணும்

விடைத்தாள் கட்டைத் தூக்கக் குனிந்த கணக்கு டீச்சரால் நிமிர முடியவில்லை. முதுகுத்தண்டில் வட்டு விலகிவிட்டது. இரண்டு டீச்சர்கள் கைத்தாங்கலாகப் பிடித்து, காரின் பின்சீட்டில் படுக்க வைத்து அனுப்பினார்கள். அந்த வாரமே ஒன்பதாம் வகுப்பின் கணக்குப் பாடவேளைகள் விளையாட்டு ஆசிரியரின் தலையில் வந்து விழுந்தன.

"சும்மா உட்கார்ந்திருந்தா போதும் சார். சத்தம் வராமப் பார்த்துக்கோங்க," என்றார் தலைமையாசிரியை. மேசை மேல் இருந்த நேர அட்டவணையில் பென்சிலால் ஏற்கெனவே அவர் பெயரை எழுதியும் விட்டிருந்தார்.

"என்னோட விளையாட்டுப் பாடவேளை?"

"அதைத்தான் கணக்கா மாத்தியிருக்கேன்."

விளையாட்டு ஆசிரியருக்கு ஐம்பத்தாறு வயது. வலது முழங்காலில் எலும்பும் எலும்பும் உரசுகிறது என்று மருத்துவர் படம் பிடித்துக் காட்டியிருந்தார். வெயிலில் நின்று நின்று கழுத்து கறுத்து, சட்டையைக் கழற்றினால் இரண்டு ஆட்களை ஒட்டவைத்த மாதிரி இருக்கும். பிள்ளைகள் அவரை 'விசில் சார்' என்பார்கள். விசிலை அவர் வீட்டிலும் கழற்றுவதில்லை, மறந்துபோகும்.

ஒன்பதாம் வகுப்பு மாடியில் இருந்தது. ஒவ்வொரு படிக்கும் முழங்கால் ஒரு வார்த்தை சொன்னது. மின்விசிறியின் ஒரு இறக்கை வளைந்து, சுற்றும்போது டக் டக்கென்று எதையோ தட்டிக்கொண்டிருந்தது. கரும்பலகையின் நடுவில் ஒரு இடம் வழவழவென்று தேய்ந்து, அங்கே மட்டும் சாக்பீஸ் பிடிக்காமல் வழுக்கியது.

முதல் நாள் அவர் உட்காரத்தான் செய்தார். இரண்டாம் நாள் முன்பெஞ்சில் ஒருத்தி எழுந்து, "சார், மாதக் கடைசியில பரீட்சை இருக்கு. விகிதமுறா மூலங்கள் பாடத்துலேர்ந்துதான் வரும்னு டீச்சர் சொன்னாங்க. அதை நடத்தவே இல்ல," என்றாள்.

"எந்த மூலம்?"

வகுப்பு சிரித்தது. அவள் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். பக்கம் முழுக்க எண்களின் தலையில் கூரை போட்டிருந்தது.

அன்று சாயங்காலம் அவர் கணக்கு டீச்சருக்குப் போன் செய்தார். டீச்சர் பலகைக் கட்டிலில் மல்லாந்து படுத்தபடி, போனைத் தலையணை மேல் வைத்துப் பேசினார்.

"எப்படி இருக்கீங்க டீச்சர்?"

"கூரையைப் பார்த்துக்கிட்டு இருக்கேன் சார். ஒரு ஈரக்கறை இருக்கு. முதல்ல குதிரை மாதிரி தெரிஞ்சது, இப்ப நம்ம மேடம் மாதிரி தெரியுது."

அவர் சிரித்துவிட்டு, போன் செய்த விஷயத்தைச் சொன்னார்.

"நீங்க நடத்தப் போறீங்களா?"

"வேற யார் இருக்கா?"

டீச்சர் பெருமூச்சு விட்டார். பிறகு, வலிக்கும் ஆள் மாத்திரை விழுங்குவதுபோல நிறுத்தி நிறுத்தி ஆரம்பித்தார். "ரூட் எட்டுன்னு வெச்சுக்கோங்க. எட்டுக்குள்ள என்ன இருக்கு? நாலு இன்ட்டு ரெண்டு. நாலுக்கு ரூட் ரெண்டு, அது சுத்தமா வெளிய வந்துடும். மிச்சம் இருக்கற ரெண்டு உள்ளயே கெடக்கும். அதனால ரெண்டு ரூட் ரெண்டு."

"அது ஏன் உள்ளயே கெடக்கு?"

"வெளிய வர வழியில்ல சார். ஒண்ணு புள்ளி நாலு ஒண்ணு நாலுன்னு போய்க்கிட்டே இருக்கும். எங்கயும் முடியாது. அதனால ரூட் ரெண்டுன்னே எழுதி விட்டுடுறோம்."

"அப்ப விடை வரலைன்னுதான அர்த்தம்?"

"இல்ல. அதுதான் விடை."

அவருக்கு இது கசந்தது. முப்பது வருடமாக அவருடைய வேலையில் எல்லாம் முடியும். நூறு மீட்டர் ஓடினால் ஒரு கோடு இருக்கும், கடிகாரத்தை அமுக்கினால் ஒரு எண் நிற்கும். கூரை போட்டு மூடிவைத்துவிட்டு இதுதான் விடை என்பது ஏதோ ஏமாற்று வேலை மாதிரி இருந்தது. ஆனாலும் எழுதிக்கொண்டார். பெருக்கலையும் கேட்டார்.

"ரூட் ரெண்டையும் ரூட் மூணையும் பெருக்கினா ரூட் ஆறு. உள்ள இருக்கறதை அப்படியே பெருக்கிக்கலாம். இதோட நிறுத்துங்க சார், முதுகு கொல்லுது. மிச்சத்தை நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் வகுப்பு நன்றாகவே போனது. ரூட் எட்டு, ரூட் பன்னிரண்டு, ரூட் ஐம்பது எல்லாவற்றையும் உடைத்தார். பெருக்கல் அதைவிட லகுவாகப் போனது. பிள்ளைகள் வேகமாக எழுதினார்கள். மைதானத்தில் அணி சொன்னபடி ஓடும்போது வரும் நிம்மதி கொஞ்சம் எட்டிப் பார்த்தது. அந்தப் போதையில் அவர் நேரத்தைக் கவனிக்கவில்லை. கொண்டுவந்த சரக்கு தீர்ந்துவிட்டது, பாடவேளை இன்னும் பாதி மிச்சமிருந்தது.

"கூட்டினா என்ன சார் வரும்?" என்றான் ஜன்னலோரத்துப் பையன். "ரூட் ரெண்டு கூட்டல் ரூட் மூணு?"

தெரியாது, நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். முழங்கால் வலித்தது, வெயில் ஜன்னல் வழியே நேராகக் கண்ணில் அடித்தது, மின்விசிறி தட்டிக்கொண்டே இருந்தது. பெருக்கலுக்கு உள்ளே இருப்பதைப் பெருக்கினோம், கூட்டலுக்கு உள்ளே இருப்பதைக் கூட்டவேண்டியதுதானே என்று தோன்றியது.

"ரூட் அஞ்சு," என்றார். பலகையிலும் எழுதினார்.

வகுப்புக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. ரூட் ஐந்தும் ரூட் ஏழும் ரூட் பன்னிரண்டு, ரூட் பத்தும் ரூட் மூன்றும் ரூட் பதின்மூன்று என்று பத்துக் கணக்கை நிமிடத்தில் முடித்துவிட்டு, இன்னும் கொடுங்கள் என்று கேட்டார்கள். கணக்கு இவ்வளவு சுலபமா என்று ஒருத்தன் வியந்தான்.

கடைசிப் பெஞ்சில் ஒருத்தி மட்டும் தலையைத் தூக்கினாள். அவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பட்டப்பெயர், எல்லா ஆசிரியர்களும்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். பெஞ்சில் கன்னம் அழுந்தி ஒரு பக்கம் சிவந்திருந்தது.

"சார், இது வரலையே."

"எது வரல?"

"ஏழு வரணும். அஞ்சு வருது."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பலகையில் ஏழும் இல்லை, வெறும் ஐந்தும் இல்லை. வகுப்பு முழுக்கத் தூங்கிவிட்டு, எழுந்து கேலி செய்கிறாள் என்று அவருக்குப் பட்டது. இத்தனை நேரம் ஒழுங்காகப் போனதைக் கெடுக்கிறாளே என்று சுள்ளென்று ஏறியது.

"தூங்கறதையும் தூங்கிட்டுப் பேச்சு வேறயா? வெளிய போய் நில்லு."

அவள் நோட்டை மூடிவைத்துவிட்டுப் போய், தாழ்வாரத்தில் சுவரோரமாக நின்றாள். மணி அடிக்கும்வரை நின்றாள்.

அன்று மாலை டீச்சரிடம், "கூட்டலையும் முடிச்சிட்டேன்," என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"எப்படி நடத்துனீங்க?"

அவர் சொன்னார். போனில் முதலில் ஒரு முனகல் கேட்டது. வலி போலிருக்கிறது என்று பயந்துபோனார். அப்புறம்தான் டீச்சர் சிரிப்பது புரிந்தது. சிரித்தால் முதுகு வலிக்கிறது, வலித்தால் முனகுகிறார், ஆனாலும் சிரிப்பு நிற்கவில்லை.

"ஐயோ சார், என்னைச் சிரிக்க வைக்காதீங்க. ரூட் ஒம்பது எவ்வளவு?"

"மூணு."

"ரூட் பதினாறு?"

"நாலு."

"கூட்டுங்க."

"ஏழு."

"உங்க கணக்குப்படி ஒம்பதும் பதினாறும் இருபத்தஞ்சு. ரூட் இருபத்தஞ்சு?"

தாழ்வாரத்துச் சுவரோரம் நின்ற உருவம்தான் கண்முன் வந்தது.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் டீச்சர். அஞ்சு."

உள்ளே ஒரே எண் இருந்தால்தான் கூட்ட முடியும், மற்றதை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு விட்டுவிட வேண்டும் என்று டீச்சர் விளக்கினார். அவர் கேட்டுக்கொண்டார். போனை வைத்த பிறகு, பேருந்து நிலையத்தில் பயணச்சீட்டுக் கவுண்டர் வேலை முடிந்து வந்த மனைவி, செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் சரிந்து, "என்ன, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றாள்.

"ஒரு பொண்ணு சரியா சொன்னா. வெளிய நிக்க வெச்சுட்டேன்."

"நாளைக்கு உள்ள கூப்பிடுங்க," என்றாள் மனைவி. அவளுக்குக் கால் வீங்கியிருந்தது. இருவரும் தேநீர் குடித்தார்கள்.

மறுநாள் வகுப்பு தொடங்குமுன்பே அந்தப் பெண்ணைத் தாழ்வாரத்தில் பார்த்தார். நின்றார். அவளும் நின்றாள்.

"நேத்து நீ சொன்னது சரி. நான்தான் தப்பு."

"பரவால்ல சார்."

"வெயில்ல நிக்க வெச்சுட்டேன்."

"இல்ல சார். வெளியதான் காத்து வந்துச்சு."

அவள் உண்மையாகவே சொல்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. அவருக்கு அது இன்னும் சங்கடமாக இருந்தது. "ஒம்பதும் பதினாறும் போட்டுப் பார்க்கணும்னு எப்படித் தோணுச்சு?" என்று கேட்டார்.

"தூங்கிட்டேன் சார், முன்னாடி நடத்துனது தெரியாது. ரூட் ரெண்டு எவ்வளவுன்னும் எனக்குத் தெரியாது. அதான் தெரிஞ்ச நம்பரைப் போட்டேன்."

"ஏன் எப்பப் பார்த்தாலும் தூங்கற?"

"தம்பிங்க ரெண்டு பேர், இரட்டை. எட்டு மாசம். ஒருத்தன் தூங்கினா ஒருத்தன் முழிச்சுக்குவான். அம்மாவுக்குத் தொழிற்சாலையில ராத்திரி ஷிஃப்ட்." சொல்லும்போதே கொட்டாவி வந்தது. கையால் மறைத்துக்கொண்டாள்.

வகுப்பில் அவர் பலகையை முழுதாக அழித்தார். "நேத்து கூட்டல் சொன்னேன்ல, அது தப்பு. எல்லாரும் அடிச்சிடுங்க," என்றார்.

ஒரே முணுமுணுப்பு. பத்துக் கணக்கும் சரி என்று அவரே சிவப்பு மையில் போட்டிருந்தார். ஜன்னலோரத்துப் பையன் எழுந்தான்.

"நேத்து நீங்கதான சார் சொன்னீங்க?"

"நான்தான்."

"இன்னைக்குச் சொல்றது மட்டும் சரின்னு எப்படித் தெரியும்?"

திமிராகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டான். அவர் சாக்பீஸைக் கையில் உருட்டினார். "என்னை நம்ப வேண்டாம். தெரிஞ்ச நம்பரைப் போட்டுப் பாரு. அவ அப்படித்தான் கண்டுபிடிச்சா," என்று கடைசிப் பெஞ்சைக் காட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கூச்சத்தில் தலையைக் குனிந்து, குனிந்த வாக்கில் கண்ணையும் மூடிக்கொண்டாள்.

போட்டுப் பார்த்தார்கள். ஒன்பதும் பதினாறும் உதைத்தது. நான்கும் ஒன்பதும் உதைத்தது. அவர் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விட்டபோது, முன்பெஞ்சுக்காரி, "பூஜ்ஜியமும் ஒம்பதும் போட்டா சரியா வருதே சார்," என்றாள்.

அவர் பலகையில் அதையும் எழுதிப் பார்த்தார். மூன்றுதான் வந்தது. மின்விசிறி டக் டக்கென்றது.

"பூஜ்ஜியத்தைக் கூட்டினா யாருக்கு என்ன நஷ்டம்? உட்காரு," என்றார் கடைசியில். வகுப்பு சிரித்தது. அன்றிரவு டீச்சரிடம் கேட்டு, தான் சொன்னது பெரிய தப்பில்லை என்று உறுதி செய்துகொண்டார்.

அதன்பின் அவர் எதையும் தானாக ஊகிக்கவில்லை. டீச்சர் சொன்னதை மட்டும் நடத்தினார். ஒரு நாள், தனக்குப் பழகிய இடத்தில் சொன்னால் புரியும் என்று எல்லோரையும் மைதானத்துக்கு அழைத்துப்போனார். சுண்ணாம்புத் தூளால் பத்து மீட்டர் சதுரம் போட்டு மூலைக்கு மூலை அளக்கச் சொன்னார். ஒரு குழுவுக்குப் பதினான்கு மீட்டரும் கொஞ்சமும் வந்தது. இன்னொன்றுக்குப் பதினான்கரை. மூன்றாவது குழு டேப்பைச் சிக்கலாக்கிக்கொண்டு வந்தது.

"எது சார் சரி?"

"எதுவும் இல்ல. பத்து ரூட் ரெண்டு."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்ப கொஞ்ச நேரம் பந்து விளையாடலாமா சார்?" என்று ஒருவன் கேட்டான். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

பரீட்சை வந்து போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் விடைத்தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். ரூட் எட்டையும் ரூட் பதினெட்டையும் கூட்டச் சொல்லி ஒரு கேள்வி. இரண்டு ரூட் இரண்டும் மூன்று ரூட் இரண்டும் சேர்ந்து ஐந்து ரூட் இரண்டு வரவேண்டும். முதல் தாளில் ரூட் இருபத்தாறு. அடுத்ததிலும் அதே. பாதி வகுப்புக்கு மேல் ரூட் இருபத்தாறு, அதுவும் அழித்துத் திருத்தாமல், தெளிவான கையெழுத்தில்.

மனைவி துணி மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "இது நீங்க சொல்லிக் கொடுத்ததா?"

"முதல்ல சொல்லிக் கொடுத்தது. அப்புறம் மாத்திட்டேன்."

"முதல்ல விழறதுதான் ஒட்டிக்கும். கல்யாணத்துக்கு முன்னாடி உங்கம்மாவைப் பத்தி எங்கம்மா ஒண்ணு சொன்னாங்க, இன்னும் போகல."

"என்ன சொன்னாங்க?"

"நீங்க திருத்துங்க."

அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். ஒவ்வொரு இருபத்தாறையும் அடிக்கும்போது தன் கையெழுத்தையே அடிப்பதுபோல இருந்தது. கை சோர்ந்துபோனது. ஒரு கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மீண்டும் எடுத்தார்.

விடைத்தாள்களில் ஒன்று குறைந்தது. தூங்குமூஞ்சியுடையது. தம்பிகளில் ஒருவனுக்குக் காய்ச்சல், அவள் பரீட்சைக்கு வரவில்லை.

"தனியா எழுத வெச்சிடுங்க. வராதவங்க கணக்குல ஒருத்தி இருந்தா மேல கேள்வி கேப்பாங்க," என்றார் தலைமையாசிரியை. வகுப்பறைகள் எதுவும் காலியில்லை. அதனால் அவளை விளையாட்டுச் சாமான் அறைக்கு அழைத்துப்போனார். ரப்பரும் பழைய வியர்வையும் கலந்து நாறும் சின்ன அறை. வலைக்குள் பந்துகள், மூலையில் கயிறு கட்டி நிறுத்திய ஈட்டிகள், சுவரோரம் அடுக்கிய பாய்கள். கோப்பைகள் வைக்கும் மேசையைத் துடைத்து அவளுக்குக் கொடுத்தார். கோப்பைகளைத் தரையில் வைத்தார். அவர் பாய் அடுக்கின் மேல் காலை நீட்டி உட்கார்ந்தார்.

அவள் எழுதினாள். விரல் மடக்கி எண்ணினாள், ஓரத்தில் சின்னதாகப் போட்டுப் பார்த்து அடித்தாள். கூட்டல் கணக்கில் வெகுநேரம் நின்றாள். அவர் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் தாள் தலைகீழாகத் தெரிந்தது. இருபத்தாறு எழுதுகிறாளா என்று கழுத்தை நீட்டிப் பார்த்தார். கூரைக்குள் இரண்டு மட்டும் இருந்தது. முன்னால் ஐந்து.

நீட்டிய கழுத்தை இழுத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

கடைசிக் கேள்வியில் ஆறின் கீழே ரூட் மூன்று. ரூட்டைக் கீழே இல்லாமல் செய்யவேண்டும். அவள் மேலும் கீழும் ரூட் மூன்றால் பெருக்கி ஒரு வரி எழுதினாள். அடுத்த வரிக்குப் பேனாவை வைத்தாள். பேனா அங்கேயே நின்றது. தலை மெல்லச் சாய்ந்து மேசையில் இறங்கியது.

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால் பிடித்துக்கொண்டது. திரும்ப உட்கார்ந்தார். விசில் கழுத்தில்தான் கிடந்தது. எழுப்ப வேண்டியதுதான் முறை. வெளியே பள்ளி விடும் மணி அடித்தது, மாடிப்படியில் செருப்புகள் தடதடவென்று இறங்கின, மைதானம் நிறைந்து காலியானது. அவள் அசையவில்லை. கதவில் நிழல் விழுந்தது. தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார்.

"முடிச்சிட்டாளா?"

"இல்ல மேடம். எழுதிக்கிட்டு இருக்கா."

தலைமையாசிரியை மேசையில் கிடந்த தலையைப் பார்த்தார், பாய்மேல் காலை நீட்டிக் கிடந்தவரைப் பார்த்தார். தலைமையாசிரியைக்கும் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "கணக்கு டீச்சர் லீவை நீட்டியிருக்காங்க. அறுவை சிகிச்சையாம். இந்தப் பருவம் முழுக்க நீங்கதான்," என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, கதவை ஒருக்களித்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் திடுக்கென்று நிமிர்ந்தாள். "மணி அடிச்சிடுச்சா சார்?"

"அடிச்சாச்சு. நீ முடி."

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, விட்ட வரியைப் பார்த்து, கீழே மூன்று என்று எழுதினாள். ஆறையும் மூன்றையும் அடித்தாள். இரண்டு ரூட் மூன்று என்று போட்டுவிட்டுத் தாளை நீட்டினாள். "நேரம் தாண்டிடுச்சே, இது கணக்குல வருமா சார்?"

"வரும். வீட்டுக்குப் போ. தம்பிக்குக் காய்ச்சல் எப்படி?"

"அவனுக்கு விட்டுடுச்சு. இன்னொருத்தனுக்கு வந்திருக்கு."

அவள் பையை மாட்டிக்கொண்டு மைதானத்தைக் குறுக்கே கடந்து போனாள். அவர் அங்கேயே தாளைத் திருத்தினார். மூன்று கேள்விகளைத் தொடவே இல்லை, இன்னொன்று அரைகுறை. தேர்ச்சிக்கு மேலே கொஞ்சம். வகுப்பில் எத்தனையோ பேர் அவளைவிட அதிகம் வாங்கியிருந்தார்கள். அவர் மதிப்பெண்ணைப் போட்டு வட்டமிட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் டீச்சருக்குப் போன் செய்தார். அறுவை சிகிச்சைத் தேதியைக் கேட்டார். பயமாக இருக்கிறதா என்று கேட்டார். "பயப்படக்கூடத் தெம்பில்ல சார்," என்றார் டீச்சர். பரீட்சை எப்படிப் போனது என்று டீச்சர் திருப்பிக் கேட்டபோது, இருபத்தாறைப் பற்றிச் சொன்னார். இந்த முறை டீச்சர் சிரிக்கவில்லை.

"நான் நடத்தினாலும் பாதிப் பேர் அதையேதான் எழுதுவாங்க. வருஷா வருஷம் பார்க்கறேன். அதுக்காக மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். உங்களுக்கு ஆறுதலுக்குச் சொல்ற நெலமையிலயா இருக்கேன்?"

அவர் தெருவோரம் ஒரு கடையின் படியில் உட்கார்ந்தார். வெயில் இறங்கியிருந்தது. எதிர்க்கடைக்காரர் இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டு வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த பாடம் என்ன டீச்சர்?"

"பல்லுறுப்புக் கோவைகள்."

அவர் அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். முழங்காலை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார்.

"நாளைக்குச் சொல்லுங்க. இன்னைக்குப் போதும்," என்றார்.